இணங்காத காந்தங்கள் பிறந்த கதை

சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் இந்தக் கிழக்கிலங்கைக் கரையில் ஐஸ் இல்லாமல் மீன் வியாபாரம் இல்லை. ஆழ்கடலுக்குப் போகிற படகு ஐஸை ஏற்றிக்கொண்டுதான் புறப்படும். பிடித்த மீன் சந்தைக்கு வருவதும் ஐஸுக்குள் புதைந்துதான். உடைத்து, அள்ளி, உருகவிட்டு உடனே மறந்துபோகிற அந்தக் கட்டிக்குள், எவ்வளவு குளிரூட்டினாலும் தீராத ஓர் ஒழுங்கின்மை இருக்கிறது. 1935இல் ஓர் இரசாயனவியலாளர் காகிதத்தில் அதை எண்ணிப் பார்த்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, அதே எண்ணிக்கை ஒரு காந்தப் பளிங்குக்குள் தென்பட்டது. 2006இல் சிலர் அந்தப் பளிங்கின் சாயலில் தாங்களே ஒரு காந்தப் பொருளை வரைந்து, வார்த்து, அதன் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். செயற்கை ஸ்பின் ஐஸ் என்று அதற்குப் பெயர்.

அது பிறந்த விதத்தைச் சொல்ல ஒரு முக்கோணத்திலிருந்து தொடங்கவேண்டும். முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் ஒவ்வொரு காந்தம் இருக்கிறது. ஒவ்வொன்றும் மேலே பார்க்கலாம் அல்லது கீழே பார்க்கலாம். அயலில் இருப்பது மேலே பார்த்தால் தான் கீழே பார்க்கவேண்டும் என்பது அவற்றின் இயல்பு. முதலாவது மேலே, இரண்டாவது கீழே, சரி. மூன்றாவது எந்தப் பக்கம் பார்ப்பது? மேலே பார்த்தால் முதலாவதோடு முரண். கீழே பார்த்தால் இரண்டாவதோடு முரண். எப்படி அடுக்கினாலும் ஏதோ ஒரு சோடி மனக்குறையோடுதான் நிற்கும். மூன்று காந்தங்களை எட்டு விதமாக அடுக்கலாம். அவற்றில் ஆறு விதங்களுக்கு ஒரே அளவு சக்தி. இயற்கைக்கு இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வழிகாட்டல் இல்லை.

காந்தங்களில் எந்தக் குறையும் இல்லை, பொருளில் அழுக்கும் இல்லை. முக்கோணம் என்ற வடிவம் ஒன்றே இந்த இக்கட்டைக் கொண்டுவருகிறது. பௌதிகவியலாளர்கள் இதைக் கேத்திரகணித விரக்தி என்பார்கள். நான் வடிவ இக்கட்டு என்றே எழுதுகிறேன். 1950இல் கிரெகொரி வன்னியர் என்பவர் எல்லையில்லாமல் விரிகிற ஒரு முக்கோண வலையை எடுத்து, அதன் காந்தங்கள் முழுச்சுழி வெப்பநிலையிலும் ஒழுங்குக்கு வராது என்று கணக்கால் நிறுவினார். ஒரு காந்தத்துக்கு போல்ட்ஸ்மான் மாறிலியின் 0.323 மடங்கு எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, மிச்சமாக நிற்கும் என்பது அந்தக் கணக்கின் சரியான விடை. பொருள் குளிரக் குளிர எந்திரப்பி சுழியத்தை நோக்கிப் போகும் என்று உயர்தர வகுப்பில் படித்தவர்களுக்கு இது தொந்தரவான விடை.

ஆனால் அந்தத் தொந்தரவு வன்னியருக்கு முன்பே ஐஸில் வந்துவிட்டது.

ஐஸுக்குள் ஒவ்வோர் ஒட்சிசன் அணுவைச் சுற்றியும் நான்கு ஒட்சிசன்கள் நான்முகியின் மூலைகள்போல நிற்கின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் ஓர் ஐதரசன். அது இணைப்பின் நடுவில் இருப்பதில்லை; ஏதாவது ஒரு பக்கத்து ஒட்சிசனை ஒட்டித்தான் இருக்கும். நீர் மூலக்கூறு நீர் மூலக்கூறாகவே இருக்கவேண்டுமென்றால், ஒவ்வோர் ஒட்சிசனுக்கும் இரண்டு ஐதரசன் கிட்ட, இரண்டு எட்ட இருக்கவேண்டும். ஜோன் பேர்னல், ரல்ஃப் ஃபௌலர் இருவரும் 1933இல் எழுதிய விதி இது. மொஸ்கோ விமான நிலையத்தில் பனிமூட்டத்தால் பயணம் தடைப்பட்டுக் காத்திருந்த நேரத்தில் தொடங்கிய பேச்சிலிருந்து அந்தக் கட்டுரை வளர்ந்தது என்று விஞ்ஞான வரலாற்றில் ஒரு கதை உண்டு. தண்ணீரைப் பற்றிய கட்டுரைக்குப் பொருத்தமான தாய்வீடுதான்.

விதி எழுதப்பட்டாயிற்று. அந்த விதிக்கு உட்பட்டு ஐதரசன்களை எத்தனை விதமாக அடுக்கலாம்? 1935இல் லைனஸ் போலிங் போட்ட கணக்கு நான் அறிந்த குறுங்கணக்குகளில் மிக அழகானது. உயர்தரப் பிள்ளைகள் எவரும் பின்தொடரக்கூடியது என்பதால் முழுவதையும் சொல்கிறேன். மூலக்கூறுகளின் தொகை N என்று வைப்போம். ஐதரசன்கள் அதன் இரண்டு மடங்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம். ஆகவே ஒரு மூலக்கூறுக்கு நான்கு தெரிவு என்ற விகிதத்தில் மொத்த அடுக்குகள் பெருகும். இனி ஓர் ஒட்சிசனை மட்டும் பாருங்கள். அதைச் சுற்றி நான்கு ஐதரசன்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை, மொத்தம் 16 அடுக்கு. இரண்டு கிட்ட, இரண்டு எட்ட என்ற விதிக்குப் பொருந்துபவை அவற்றில் 6. ஆகவே நான்கை 6/16 ஆல் பெருக்கவேண்டும். விடை 3/2. ஒரு மூலக்கூறுக்கு ஒன்றரைத் தெரிவு. N மூலக்கூறுகளுக்கு 3/2 ஐ N தடவை பெருக்கவேண்டும். அந்த எண்ணிக்கையை மடக்கை வழியே எந்திரப்பியாக மாற்றினால், ஒரு மூல் ஐஸுக்கு அது கெல்வினுக்கு 0.806 கலோரி. இன்றைய அலகில் 3.37 ஜூல்.

அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் வில்லியம் ஜியோக்கும் ஸ்டௌட்டும் ஐஸை 15 கெல்வினிலிருந்து சூடேற்றிக்கொண்டே அதன் வெப்பத்தை அளந்து, கணக்கில் விடுபட்டுப்போகும் எந்திரப்பியைக் கண்டார்கள். 0.82 கலோரி. அளவீட்டின் பிழை எல்லை 0.05. போலிங்கின் விடை அதற்குள் அடங்கியது. மேசையில் பேனாவோடு உட்கார்ந்து போட்ட ஒன்றரை என்ற எண் ஐஸ் கட்டிக்குள் உண்மையிலேயே இருந்தது. நம்முடைய மீன்பெட்டிக்குள் இருக்கிற ஐஸிலும் அதுவே. ஐதரசன்களின் அடுக்கு ஒன்றேபோல் அமைந்த இரண்டு கட்டிகளை இந்தக் கரை இதுவரை கண்டிருக்காது.

இங்கிருந்து காந்தத்துக்கு வரும் பாதையை 1956இல் பிலிப் அண்டர்சன் சுட்டிக்காட்டினார். சில கனிமங்களில் காந்த அணுக்கள் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டிருக்கும் நான்முகிகளாக அமைந்திருக்கின்றன. அங்கே காந்தங்களை அடுக்குவதும் ஐஸில் ஐதரசனை அடுக்குவதும் ஒரே கணக்கு என்றார். நாற்பது ஆண்டுகள் அது ஒரு கணக்காகவே கிடந்தது.

1997இல் மார்க் ஹரிஸ், ஸ்டீவன் பிரம்வெல் ஆகியோரும் கூட்டாளிகளும் ஹொல்மியம் டைட்டனேட் என்ற பளிங்கை நியூத்திரன் கற்றைகளால் ஆராய்ந்தார்கள். அதன் காந்தங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக விரும்புபவை. ஒரே பக்கம் பார்க்க நினைப்பவை. அப்படிப்பட்ட காந்தங்களில் இக்கட்டு வராது, எதிரெதிராகப் பார்க்க நினைப்பவற்றில்தான் வரும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் முழுச்சுழிக்கு மிகக் கிட்டக் கொண்டுபோயும் இந்தப் பளிங்கு ஒழுங்குக்கு வரவில்லை. காரணம் பளிங்கின் வடிவம். ஒவ்வொரு ஹொல்மியம் காந்தமும் தன் நான்முகியின் நடுவை நோக்கியோ நடுவை விட்டு வெளியேயோதான் பார்க்கமுடியும். பக்கவாட்டில் திரும்ப இடமில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நட்பாக இருக்க ஒரே வழி, நான்கில் இரண்டு உள்ளே பார்ப்பது, இரண்டு வெளியே பார்ப்பது. ஐஸின் கிட்ட, எட்ட இங்கே உள்ளே, வெளியே ஆகிவிட்டது. அணுவின் காந்தத்தை ஸ்பின் என்று சொல்வது வழக்கமாதலால், அவர்கள் அதற்கு ஸ்பின் ஐஸ் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்தால் போதுமா? ஐஸ் என்று அழைப்பதானால் ஐஸின் மிச்ச எந்திரப்பி அங்கே இருக்கவேண்டும். அதை அளந்து காட்டிய 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் நம்முடைய பக்கத்துப் பெயர்கள் இரண்டு உண்டு. அமெரிக்காவில் ஆர்தர் ரமிரெஸ், ஹயாஷி, ரொபர்ட் காவா ஆகியோர் அதே வகையைச் சேர்ந்த டிஸ்புரோசியம் டைட்டனேட் பளிங்கின் வெப்பத்தை அளந்தார்கள். கணக்கை ஏற்றவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீராம் சாஸ்திரியும் அவருடைய ஆய்வு மாணவர் ராகுல் சித்தார்த்தனும். கட்டுரை நேச்சர் இதழில் வந்தது.

அந்தக் கணக்கும் போலிங்கின் கணக்கின் பிள்ளைதான். ஒவ்வொரு காந்தத்துக்கும் இரண்டு நிலை. ஒவ்வொரு காந்தமும் இரண்டு நான்முகிகளுக்குப் பொது. ஆகவே நான்முகிகளின் எண்ணிக்கை காந்தங்களின் பாதி. ஐஸில் கிடைத்த மிச்சத்தின் பாதி இங்கே மிஞ்சவேண்டும். காந்தங்கள் எந்த விதிக்கும் கட்டுப்படாமல் அலையும் சூட்டு நிலையிலிருந்து அவை உறையும் குளிர் வரைக்கும் இறங்கினால் ஒரு மூல் காந்தங்களுக்கு, கெல்வினுக்கு 5.76 ஜூல் எந்திரப்பி வெளியேறியிருக்கவேண்டும், மிச்சம் ஏதும் இல்லாவிட்டால். போலிங் வழியில் மிச்சத்தைக் கழித்தால் சுமார் 4.08. ரமிரெஸ் குழு அளந்தது 3.9. வெளியேறவேண்டிய ஒரு பங்கு பளிங்குக்குள்ளேயே தங்கிவிட்டது. ஐஸ் என்ற பெயர் நிலைத்தது.

தமிழில் விஞ்ஞானம் எழுதுகிறவர்கள் பெங்களூரின் இந்தப் பங்கைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. சித்தார்த்தன் பின்னர் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்து, உயிரியல் தரவுகளைக் கணக்கிடும் துறைக்கு மாறினார். மரபணுக்களை ஆராயும் ஒருவர் இளமையில் காந்த ஐஸை எண்ணினார் என்பதை அறிந்தால், துறை மாறப் பயப்படுகிற பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும்.

பளிங்கு கிடைத்துவிட்டது, எண்ணிக்கையும் பொருந்திவிட்டது. இருந்தும் ஒரு குறை நின்றது. பளிங்குக்குள் எந்தக் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எவரும் பார்க்கவில்லை. வெப்பத்தை அளந்தால் மொத்தத் தொகை வரும், நியூத்திரனால் அடித்தால் சராசரி வரும். ஒரு நான்முகியைக் காட்டி, இதில் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே என்று விரல்வைத்துச் சொல்லமுடியாது. அணுக்களின் இடைவெளியையும் நம் விருப்பத்துக்கு மாற்றமுடியாது. இயற்கை தந்ததை வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் ஷிஃபர் இந்தக் குறையை நன்கு அறிந்தவர். டிஸ்புரோசியம் டைட்டனேட் எப்படி உறைகிறது என்று 2001இல் அவருடைய குழு ஆராய்ந்திருந்தது. கோட்பாட்டாளர் வின்சென்ட் கிரெஸ்பி, அவரோடு இருந்த கிறிஸ்தியானோ நிசோலி, மெல்லிய படலங்களில் தேர்ந்தவரும் மும்பாய் ஐஐடியில் படித்தவருமான நிதின் சமர்த், மினசோட்டாவிலிருந்து கிறிஸ் லெய்ட்டன் ஆகியோர் அவரோடு சேர்ந்தார்கள். செய்து பார்த்தவர்களில் முதற்பெயர் ருயிஃபாங் வாங். அவர்கள் தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: அணுவைப் பார்க்கமுடியாவிட்டால், பார்க்கக்கூடிய அளவில் காந்தத்தைப் பெரிதாகச் செய்து, அதே இக்கட்டுக்குள் அதை மாட்டிவிட்டால் என்ன?

செய்த விதம் இது. சிலிக்கன் தகட்டின்மேல் ஒரு பூச்சைப் பூசி, இலத்திரன் கற்றையால் அதில் நுண்ணிய குழிகளை வரைந்தார்கள். குழிக்குள் நிக்கலும் இரும்பும் சேர்ந்த பெர்மலோய் என்ற உலோகத்தைப் படியவைத்துவிட்டுப் பூச்சை நீக்கினார்கள். மிஞ்சியவை இரு முனையும் வளைந்த சின்னஞ்சிறு காந்தத் தீவுகள். ஒவ்வொன்றும் 220 நனோமீற்றர் நீளம், 80 அகலம், 25 தடிப்பு. ஒரு தலைமயிரின் குறுக்கே முந்நூறுக்கு மேல் அடுக்கலாம். அளவு யோசித்துத் தெரிந்தெடுக்கப்பட்டது. இதைவிட மிகப் பெரிதாக இருந்தால் தீவுக்குள்ளேயே காந்தம் பல துண்டாகப் பிரிந்துவிடும். மிகச் சிறிதாக இருந்தால் அறையின் வெப்பமே அதைப் புரட்டிக்கொண்டிருக்கும். இந்த அளவில் ஒவ்வொரு தீவும் ஒற்றைச் சட்டக்காந்தம். நீளவாக்கில் இப்படி அல்லது அப்படி, இரண்டே நிலை. ஒவ்வொன்றின் பலம் இலத்திரன் காந்தங்கள் ஏறத்தாழ மூன்று கோடி சேர்ந்த அளவு.

தீவுகளைச் சதுர வலையின் கோடுகளில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு சந்தியிலும் நான்கு தீவுகளின் முனைகள் கூடும். நான்கு காந்தம், 16 நிலை, அவற்றில் 6 நிலையில் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. போலிங்கின் அதே 6/16. இப்போது அதைப் படம் பிடிக்கலாம். காந்த ஊசி நுனி ஒன்று தகட்டின்மேல் ஊர்ந்துபோகும் காந்தவிசை நுண்நோக்கியில், ஒவ்வொரு தீவும் ஒரு முனையில் வெள்ளைப் புள்ளியும் மறுமுனையில் கறுப்புப் புள்ளியுமாகத் தெரியும். புள்ளிகளைப் பார்த்து ஒவ்வொரு சந்தியையும் வகைப்படுத்திவிடலாம்.

வெப்பத்தால் புரளாத தீவுகளைத் தங்களுக்குள் இணங்கச் செய்வது எப்படி என்பது பெரிய சிக்கல். ஐஸைக் குளிரூட்டுவதுபோல இங்கே குளிரூட்டிப் பயனில்லை. வெளியிலிருந்து பலமான காந்தப்புலத்தை வைத்து, அதற்குள் தகட்டைச் சுழற்றிக்கொண்டே புலத்தைத் திசை மாற்றி மாற்றிப் படிப்படியாகக் குறைத்தார்கள். புலம் பலமாக இருக்கும்வரை எல்லாத் தீவும் அதன் பின்னால் புரளும். குறையக் குறைய, அயலிலுள்ள தீவின் இழுப்பும் ஒவ்வொன்றுக்கும் உறைக்கத் தொடங்கும். ஒரு கட்டத்தில் ஒவ்வொன்றாக நின்றுவிடும்.

பிறகு எண்ணினார்கள். அயலாரின் செல்வாக்கே இல்லாமல் குருட்டுவாக்கில் நின்றிருந்தால் ஐஸ் விதிக்குப் பொருந்தும் சந்திகள் 37.5 சதவீதம். தீவுகளின் இடைவெளியை 880 நனோமீற்றர் வரை அகற்றி வைத்த தகடுகளில் ஏறத்தாழ அதுவே வந்தது. இடைவெளியை 320க்கு நெருக்கியபோது 70 சதவீதத்துக்கு மேல். அயலின் நெருக்கம் கூடக்கூட விதிக்கு உட்படுதல் கூடுகிறது என்பதை முதல் தடவையாக ஒவ்வொரு காந்தத்தின் முகத்தையும் பார்த்துச் சொல்லமுடிந்தது. 2006 ஜனவரியில் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வெளியானது. வடிவ இக்கட்டு கையால் செய்யக்கூடிய ஒரு பொருளாகப் பிறந்தது அன்றுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஒரு நல்ல பரிசோதனை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். என்னை இழுத்துவைத்திருப்பது அதன் பிறகு தெரியவந்த ஒரு குறைபாடு. அந்தச் சதுர ஐஸ் உண்மையில் ஐஸாக இல்லை.

நான்முகியில் நான்கு மூலைகள். எந்த இரண்டு மூலைகளை எடுத்தாலும் தூரம் ஒன்று. ஆறு சோடிகளும் சமம். ஆகவே எந்த இரண்டு உள்ளே பார்க்கின்றன என்பது முக்கியமில்லை. ஆறு தெரிவுகளுக்கும் ஒரே சக்தி. தட்டையான சதுரச் சந்தியில் அப்படியில்லை. நான்கு முனைகள் ஒரு சிறு சதுரமாக நிற்கும்போது பக்கத்து முனை கிட்ட, எதிர் முனை எட்ட. உள்ளே பார்க்கும் இரண்டும் எதிரெதிரே இருந்தால் ஒத்த முனைவுகள் எட்ட நிற்கும், சந்திக்கு ஆறுதல். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒத்த முனைவுகள் நெருங்கி நிற்கும், அது கூடிய சக்தி. ஆறு தெரிவுகள் இரண்டு, நான்கு என்று பிரிந்துவிட்டன. அப்படியானால் இந்த வலைக்குச் சரியான, ஒழுங்கான ஓர் அடுக்கு உண்டு. எதிரெதிர் வகைச் சந்திகள் சதுரங்கப் பலகைபோல மாறி மாறி வரவேண்டியது. தீவுகள் அதை அடையவில்லை என்றால், அடைய வழியில்லாமல் இடையில் சிக்கிக்கொண்டன என்பதுதான் பொருள். மிச்ச எந்திரப்பி என்று ஒன்று அங்கே இல்லை.

2011இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மோர்கன், கிறிஸ்தோபர் மரோஸ் ஆகியோரின் குழு இதைக் கண்ணாலேயே கண்டது. புலத்துக்குள் தகட்டைச் சுழற்றும் வேலைக்குப் போகாமல், உலோகம் படிந்தவுடன் இருந்தபடியே தகட்டைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பரந்த பரப்புகள் அந்த ஒழுங்கான அடுக்கிலேயே நின்றன. படிந்துகொண்டிருக்கும்போது தீவுகள் மெல்லியவை. அறை வெப்பத்திலேயே புரளக்கூடியவை. தடிக்கும் முன் அந்தச் சிறுபொழுதுக்குள் அவை தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டன. பிறகு தடித்து உறைந்துவிட்டன. 2013இல் ஷிஃபரின் குழுவும் தீவுகளைப் பெர்மலோயின் காந்தம் கரைகிற வெப்பநிலைக்கு மேல் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு, அதே ஒழுங்கைப் பெற்றது.

அப்படியானால் உண்மையான இக்கட்டைச் செய்வது எப்படி? வழியை 2006இலேயே குன்னர் மொல்லர், ரொடரிக் மொஸ்னர் என்ற இருவர் எழுதிவைத்திருந்தார்கள். மருதமுனையில் தறி பார்த்தவர்களுக்கு அதை விளக்க ஒரு நிமிடம் போதும். பாவு நூலும் ஊடு நூலும் ஒரே மட்டத்தில் மோதிக்கொள்வதில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே போகின்றன. காந்த வலையிலும் அப்படிச் செய்யவேண்டும். கிடைக்கோட்டுத் தீவுகள் எல்லாவற்றையும் சற்று உயர்த்திவிடு என்றார்கள். உயர்த்தினால் பக்கத்து முனைகளுக்கு இடையே தூரம் கூடும். எதிர் முனைகள் ஒரே மட்டத்திலேயே இருப்பதால் அவற்றின் தூரம் மாறாது. சரியான உயரத்தில் இரண்டு இழுப்பும் சமமாகும். பிரிந்த ஆறு தெரிவுகளும் மறுபடி ஒன்றாகும். தட்டைச் சதுரம் நான்முகியாகிவிடும்.

சொல்வது இலகு. தலைமயிரின் முந்நூறில் ஒரு பங்கு நீளமான தீவுகளில் பாதியை மட்டும் மேடையில் ஏற்றுவது அவ்வளவு இலகுவில்லை. பிரான்ஸின் கிரெனோபிளில் யான் பெரன், பெஞ்சமின் கனல்ஸ், நிக்கோலா ருஜ்மாய் மூவரும் 2016இல் அதைச் செய்தார்கள். யோசனைக்கும் செயலுக்கும் இடையில் பத்து ஆண்டுகள். உயரம் சரியாக அமைந்த தகட்டில் தீவுகளின் அடுக்கு எந்த ஒழுங்குக்கும் போகவில்லை; ஆனால் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே என்ற விதி பெரும்பாலான சந்திகளில் நின்றது. போலிங்கின் ஒன்றரை, மனிதன் செய்த காந்தத்துக்குள் அப்போதுதான் உண்மையாகக் குடியேறியது. என்னைக் கேட்டால் இந்தப் பொருளுக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள் உண்டு: 2006, 2016.

இதற்கிடையில் வேறு ஒன்றும் முளைத்தது. ஐஸ் விதியை ஒரு சந்தி மீறினால், மூன்று உள்ளே, ஒன்று வெளியே என்று நின்றால், அங்கே ஒரு தனிக் காந்த முனைவு உட்கார்ந்திருப்பது போலாகிவிடும். சட்டக்காந்தத்தை எத்தனை தடவை முறித்தாலும் வட முனைவையும் தென் முனைவையும் பிரிக்கமுடியாது என்று பாடசாலையில் படிக்கிறோம். 1931இல் போல் டிராக் அப்படி ஒரு தனி முனைவுத் துகள் இருக்கலாம் என்று எழுதினார். அந்த அடிப்படைத் துகள் இன்றுவரை அகப்படவில்லை. ஆனால் ஸ்பின் ஐஸுக்குள் விதி மீறிய சந்திகள் ஒன்றைவிட்டொன்று விலகி, தனித்தனி முனைவுகள்போல அலையும் என்று 2008இல் கிளவுடியோ காஸ்டெல்னோவோ, மொஸ்னர், ஷிவாஜி சோந்தி மூவரும் காட்டினார்கள். 2010இலும் 2011இலும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்த குழுக்கள் தேனடை வடிவ வலைகளில் அவை நகர்வதைப் படமாகவே பிடித்தன. இவை டிராக் தேடிய துகள் இல்லை. பல காந்தங்கள் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் தோன்றும் தனிமுனைவுகள். பத்திரிகைத் தலைப்புகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டன, வாசகர்கள் விழுங்கவேண்டியதில்லை.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரே சக்தியோடு ஏராளமான நிலைகள் இருக்கிற பொருள் தனக்கு நடந்ததை நினைவில் வைத்திருக்கும். 2022இல் இம்பீரியல் கல்லூரியில் ஜாக் கார்ட்சைடும் கூட்டாளிகளும் இந்த வகைத் தீவு வலை ஒன்றுக்குள் காந்தப்புலமாகத் தரவை ஊட்டி, அதன் நுண்ணலைப் பதிலைப் படித்து, மாறிவரும் ஒரு குறிப்பலையின் அடுத்த போக்கை ஊகிக்கவைத்தார்கள். கணினி வேலையின் ஒரு பகுதியைப் பொருளே செய்கிறது. வேலை இன்னும் ஆய்வுகூட மட்டத்தில்தான். தொலைபேசிக்குள் வரப்போகிறது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

நம்முடைய பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிதாகச் சொல்ல வேறொரு பரிசோதனை இருக்கிறது. இலத்திரன் கற்றையும் காந்தவிசை நுண்நோக்கியும் சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தின் பௌதிகவியல் மாணவருக்கு எளிதில் எட்டாதவையாக இருக்கலாம். ஆனால் வடிவ இக்கட்டுக்கு அளவு ஒரு பொருட்டில்லை. சென்னை ஐஐடியில் படித்து ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் அவரோடு பௌலா மெல்லாடோ, அந்திரேஸ் கொன்சா ஆகியோரும் 2012இல் அதைக் கையில் பிடிக்கக்கூடிய காந்தக் கோல்களால் செய்து காட்டினார்கள். தேனடை வலையின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு கோல். ஒவ்வொரு சந்தியிலும் மூன்று முனைகள். எல்லாவற்றையும் ஒரு புலத்தால் ஒரே பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் புலத்தை நீக்கியதும், கோல்கள் புரண்டு, ஆடி, ஒன்றையொன்று தள்ளி, தங்கள் ஐஸ் விதிக்குள் வந்து அமர்ந்தன. மூன்று காந்தங்கள் கூடும் இடத்தில் விதி இது: மூன்றும் உள்ளே பார்க்கக்கூடாது, மூன்றும் வெளியே பார்க்கக்கூடாது.

இதைக் கல்முனையில் எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யலாம். சாதாரணத் திசையறி கருவியின் ஊசி உதவாது. அது கிடையாகச் சுழன்று எந்தக் கோணத்திலும் நிற்கும். சிறு காந்தக் கோலை நடுவில் ஓர் அச்சில் கோர்த்து, தலைகீழாகக் கவிழ்ந்து மறுபக்கம் விழும்படி பொருத்தவேண்டும். அப்போதுதான் அதற்கு இரண்டே நிலை. பலகையில் தேனடை வரைந்து விளிம்புக்கு ஒன்றாக நிறுத்தவேண்டும். அச்சில் உரசல் குறைவாக இருக்கவேண்டும்; கோல் முனைகள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளாத அளவுக்கு இடைவெளியும் வேண்டும். ஒரு பெரிய காந்தத்தால் எல்லாவற்றையும் குலைத்துவிட்டு, அவை ஓய்ந்தபின் சந்திகளை எண்ணுங்கள். ஒரு சந்திக்கு மூன்று காந்தம், எட்டு நிலை. விதியை மீறுபவை அவற்றில் இரண்டு. காந்தங்கள் ஒன்றையொன்று கவனிக்காவிட்டால் நான்கில் ஒரு சந்தி விதியை மீறி நிற்கவேண்டும். கோல்களை முதலில் அகற்றி வைத்து எண்ணி, பிறகு நெருக்கி வைத்து எண்ணினால், அந்த 25 சதவீதம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பிள்ளைகளே வரைபுத்தாளில் குறித்துக்கொள்வார்கள்.